பின்னாடி பாருங்க அங்கிள்!

டீ ஆறுவதற்குள் இந்தக் கோலைக் காட்டிவிடுகிறேன். ஓர் அடிக்குச் சற்று மேல் நீளம், கறுப்பு உடம்பு, இரண்டு முனையும் வெள்ளை. சிறுவர் புத்தகங்களில் மந்திரக்கோல் என்று வரைந்திருப்பார்களே, அச்சு அசல் அதேதான். என் கையில் இருக்கும்வரை விறைப்பாக நிற்கும். உங்கள் கைக்கு வந்த நொடியில் துண்டு துண்டாகத் தொங்கிப்போகும். உள்ளே பிரமாதமாக ஒன்றும் இல்லை. சின்னச் சின்னக் குழாய்த் துண்டுகள், அவற்றின் நடுவே ஓடும் கயிறு, கயிற்றை இழுத்துப் பிடிக்க முனையில் ஓர் ஏற்பாடு. இறுக்கினால் கோல், விட்டால் கயிற்றில் கோத்த துண்டுகள். இதைச் சொன்னதற்காக எந்த மேஜிக்காரரும் என்மேல் கோபப்பட மாட்டார். கடையில் வாங்கினால் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே எழுதியிருக்கிறது.

இந்தக் கோலைப் பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள். "ஓ, கயிறா?" என்று புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். பிறந்த நாள் ஹாலில் ஐந்து வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். கோல் சரிந்து தொங்கும். பிள்ளை திருதிருவென்று விழிக்கும். தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் உருண்டு உருண்டு சிரிக்கும். வாங்கிச் சரிசெய்து மறுபடி கொடுத்தால் மறுபடி தொங்கும், முன்னைவிடப் பலமாகச் சிரிப்பார்கள். மூன்றாவது தடவை நீங்கள் கையை நீட்டும்போதே சிரிப்பு ஆரம்பித்துவிடும்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு போனால், வீட்டு விசேஷத்தில் அசடு வழிய வேண்டியதுதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

மேஜிக் என்றால் செய்கிறவருக்கு ஒன்று தெரியும், பார்க்கிறவருக்குத் தெரியாது என்பதுதான் நம் எண்ணம். பெரியவர்கள் கூடும் மேடையில் அது சரி. குழந்தைகள் முன்னால் கணக்கு தலைகீழ். பிள்ளைகளுக்குத் தெரியும், மேஜிக் அங்கிளுக்குத் தெரியாது. கைக்குட்டையைக் காணோம் என்று அவர் மேஜைக்கு அடியில் குனிந்து தேடுகிறார். அது அவர் முதுகிலேயே தொங்குகிறது. "பின்னாடி! பின்னாடி பாருங்க அங்கிள்!" அவர் திரும்புகிறார், கைக்குட்டையும் கூடவே திரும்புகிறது. "எங்கே? ஒண்ணுமே இல்லையே!" ஹால் அலறுகிறது. வீட்டில், பள்ளியில், டியூஷனில் என்று நாள் முழுக்கப் பெரியவர்களிடம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு, பெரிய ஆள் ஒருவரைத் தானே திருத்தும் வாய்ப்பு இது. தொண்டை கிழியக் கத்தாமல் என்ன செய்யும்?

இந்தச் சிரிப்புக்கு ஒரு வயது இருக்கிறது. ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அந்தத் துறையில் மிகப் பிரபலம். பிள்ளைகளுக்கு அவர்கள் ஒரு கதையை நடித்துக் காட்டினார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? நாம் யோசிக்காமல் நீலம் என்போம். மூன்று வயதுப் பிள்ளைகள் பச்சை என்றார்கள். சாக்லேட் பச்சையில்தானே இருக்கிறது! தனக்குத் தெரிந்தது இன்னொருவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவன் தவறாக ஒன்றை நம்பிக்கொண்டிருக்கலாம் என்பது அந்த வயதில் பிடிபடுவதில்லை. நாலு வயதை ஒட்டித்தான் அது பிடிபடத் தொடங்குகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் வயதைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினாலும் அந்த மாற்றம் உண்மை என்பதில் பெரிய சண்டை இல்லை.

முதுகில் தொங்கும் கைக்குட்டை என்பது மாக்ஸியின் சாக்லேட்டேதான். மூன்று வயதுப் பிள்ளை அதைப் பார்த்தால் எழுந்து வந்து எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகும். அதற்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஐந்து வயதுப் பிள்ளை எடுத்துத் தராது, கத்தும். இவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது என்பது அதற்குப் புதிதாகக் கிடைத்திருக்கும் சொத்து. புதுச் சொத்தைச் செலவழித்துப் பார்க்கும் சந்தோஷம்தான் அந்தக் கூச்சல். மூன்று வயதுக்காரர்கள் மட்டும் வரும் பார்ட்டிக்கு மேஜிக்கே வேண்டாம் என்பேன். சோப்புக் குமிழியும் கைப்பாவையும் போதும்.

இனி முயல்களுக்கு வருவோம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் குழந்தைகள் மேஜிக் செய்கிற பலரிடம் இருக்கும் பொருள் இது. 'ஹிப்பிட்டி ஹாப் ராபிட்ஸ்' என்று பெயர். பலகையில் வெட்டிய இரண்டு தட்டை முயல்கள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. ஒவ்வொன்றையும் மூட ஒரு உறை. மூடி, மந்திரம் சொல்லி, திறந்தால் கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை, வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு. இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லப் போவதில்லை, வாங்குகிறவர் தெரிந்துகொள்ளட்டும். நமக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடப்பது.

முதல் தடவை பிள்ளைகள் மரியாதைக்குக் கை தட்டுவார்கள். இரண்டாம் தடவை மேஜிக்காரர் ஒரு வேலை செய்கிறார். மந்திரம் சொல்லும் சாக்கில் இரண்டு உறைகளையும் அரை வட்டம் திருப்புகிறார். திருட்டுத்தனமாக, ஆனால் எல்லார் கண்ணிலும் படும்படி. "அங்கிள் திருப்பிட்டாரு!" யாரோ ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை, அவ்வளவுதான் இந்த மேஜிக்! பத்து விநாடியில் ஹால் முழுக்க அந்தச் செய்தி பரவுகிறது. "திருப்புங்க! திருப்புங்க!" மேஜிக்காரருக்குப் புரியவில்லை. "திரும்பணுமா? இதோ" என்று தானே ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறார். "நீங்க இல்ல, முயலு!" முயலைத் தலைகீழாக நிறுத்துகிறார். "அப்படி இல்ல, பின்பக்கம்!" இரண்டு முயல்களையும் இடம் மாற்றி வைக்கிறார். இந்தக் கட்டத்தில் சில பிள்ளைகள் எழுந்து நின்றுவிடும். கடைசியில், வேறு வழியே இல்லாதவர் போல, இரண்டையும் திருப்புகிறார். ஒன்றின் பின்பக்கம் சிவப்பு, இன்னொன்றின் பின்பக்கம் மஞ்சள்.

ஒரு கணம் நிசப்தம். பிறகு வருவது சிரிப்பா கைதட்டலா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம்.

கவனித்தீர்களா, அந்தத் தவறான கண்டுபிடிப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது மேஜிக்காரர்தான். அரை வட்டம் திருப்பினாரே, அங்கேதான் வித்தை நடந்தது. முயல் இடம் மாறியது அதற்கு முன்னுரை மட்டும். இரண்டு அறைப் பெட்டியில் பெரிய பகடைக்காயை வைத்து மறைக்கும் இன்னொரு பழைய வித்தையும் இதே ஜாதி. பெட்டியைச் சாய்க்கும்போது உள்ளே 'டொக்' என்று ஏதோ சரியும். காய் அடுத்த அறைக்குப் போய்விட்டது என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள். எல்லாக் கதவையும் திறந்தால் பெட்டி காலி.

ஒரு எச்சரிக்கை. முயலைத் திருப்பிக் காட்டியதும் 'ஏமாந்தீங்களா?' என்பது போல ஓர் இளிப்பு இளித்தீர்களோ, போச்சு. இத்தனை நேரம் ஜெயித்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கடைசி நிமிடத்தில் முட்டாளாக்கிவிட்டீர்கள். சிவப்பையும் மஞ்சளையும் பார்த்து நீங்களும் வாயைப் பிளக்க வேண்டும். இது எப்போது ஆச்சு என்று முயலிடமே கேட்கலாம். அப்போது பிள்ளைகளும் நீங்களும் ஒரே கட்சி, ஏமாற்றியது முயல். இந்த ஒரு முகபாவத்தில்தான் நல்ல குழந்தைகள் மேஜிக்காரரும் சுமாரானவரும் பிரிகிறார்கள் என்று நினைக்கிறேன். பத்து வயதுக்காரர்களிடம் நீங்கள் எந்த முகம் வைத்தாலும் இது எடுபடாது. அவர்கள் யூடியூபில் விளக்கம் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். பார்க்காதவர்களும் தங்களைச் சின்னப் பிள்ளை போல் நடத்துவதாக முறைப்பார்கள்.

பொருள் குறைந்தாலும் பிள்ளையை வைத்தே எவ்வளவு சிரிக்க வைக்கலாம் என்பதற்கு டேவிட் டெவான்ட் பெரிய உதாரணம். 1868-இல் பிறந்த லண்டன்காரர். அங்கே 1905-இல் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான். அவருடைய புகழ்பெற்ற உருப்படி ஒன்றின் பெயர் 'ஒரு பையன், ஒரு பெண், சில முட்டைகள்'. காலித் தொப்பியிலிருந்து முட்டை முட்டையாக எடுத்துச் சிறுமியிடம் கொடுப்பார். அவள் அதைப் பையனிடம் கொடுக்க வேண்டும். பையன் எங்கே வைப்பான்? நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். முட்டை வந்துகொண்டே இருக்கும். ஒன்று நழுவும், அதைப் பிடிக்கப் போனால் இரண்டு விழும். டெவான்ட் பாட்டுக்கு ஒன்றும் தெரியாதவர் போல அடுத்த முட்டையை எடுத்துக்கொண்டிருப்பார். மேஜிக் என்று பார்த்தால் தொப்பியிலிருந்து முட்டை வருகிறது, அவ்வளவுதான். அரங்கம் பார்த்துக்கொண்டிருந்தது பையனின் முகத்தை. அவர் அந்தப் பையனைக் கேலி செய்து ஒரு வார்த்தையும் பேசத் தேவைப்படவில்லை.

நம் ஊர் பார்ட்டிகளில் நான் பார்க்கும் குறையும் அங்கேதான். ஒரு பிள்ளையை மேடைக்கு அழைத்து, கோல் தொங்கியதும், "ஐயையோ உடைச்சிட்டியே! அப்பாகிட்ட காசு வாங்கணும்" என்று மைக்கில் சொல்கிறார்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். மேலே நிற்கும் பிள்ளைக்கு அழுகை முட்டுகிறது. தொங்கும் கோலைப் பார்த்துப் பேசுங்கள், பிள்ளையைப் பார்த்துப் பேசாதீர்கள். "என்ன உனக்கு, இன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கோலைக் கேளுங்கள். குற்றம் கோல்மேல் போய்விடும், பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். மடக்கு விசிறி ஒன்றும் இதே குடும்பத்தில் உண்டு. ஒரு பக்கமாக விரித்தால் முழு விசிறி, எதிர்ப்பக்கமாக விரித்தால் ஓலை ஓலையாகக் கழன்று தொங்கும். நீங்கள் சரியான பக்கம் விரித்துக் காட்டி, மடக்கி, தவறான பக்கம் விரியும்படி பிள்ளையிடம் நீட்ட வேண்டும். கண்ணாடி முன் பழகாமல் செய்தால் உங்கள் கையிலேயே தொங்கும். அதற்கும் சிரிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

யாரை அழைப்பது? "நான் நான்" என்று குதிக்கும் பிள்ளையை வேண்டாம், மேடை அவனுடையதாகிவிடும். அம்மா மடியில் முகம் புதைத்திருக்கும் பிள்ளையைக் கட்டாயம் வேண்டாம். கையைத் தூக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்குமே, அதைக் கூப்பிடுங்கள். பிறந்த நாள் கொண்டாடும் பிள்ளையைத்தான் எல்லாப் பாட்டிகளும் முன்னால் தள்ளுவார்கள். புதுச் சட்டை உறுத்தும், காலையிலிருந்து போட்டோவுக்கு நின்று களைத்திருக்கும். அதற்கு உடையும் பொருளைக் கொடுக்காதீர்கள், ஜெயிக்கிற வேலையைக் கொடுங்கள். கடைசி வித்தையில் மந்திரம் சொல்வது அந்தப் பிள்ளையாக இருக்கட்டும்.

தோற்றுப்போகிற மேஜிக்காரராக நடிப்பது சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பியோடு வித்தைகளைச் சொதப்பியே பிரிட்டனைச் சிரிக்க வைத்த டாமி கூப்பர் மேஜிக் சர்க்கிளின் உறுப்பினர். வித்தை ஒழுங்காகத் தெரிந்தவர். 1984 ஏப்ரல் 15 அன்று தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான நிகழ்ச்சியின் நடுவே அவர் மாரடைப்பில் சரிந்து விழுந்தபோது, அதுவும் வேடிக்கையில் ஒரு பகுதி என்று நினைத்து அரங்கம் சிரித்தது.

நம் நாட்டுச் சரக்கு ஒன்றும் இந்தப் பையில் இருக்கிறது, சொம்பு. பி. சி. சர்க்கார் (1913–1971) உலகம் சுற்றிய நாட்களில் 'வாட்டர் ஆஃப் இந்தியா' என்று நிகழ்ச்சி நெடுக இதை ஓட விட்டவர். சொம்பில் உள்ள தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை கொட்டிவிட்டு அடுத்த வித்தைக்குப் போவார். சற்று நேரம் கழித்து அதே சொம்பைக் கவிழ்த்தால் மறுபடி தண்ணீர். சொம்புக்கு இரண்டு சுவர். இடையில் ஒளிந்திருக்கும் தண்ணீர், அடியில் உள்ள துளை வழியாக உள்ளே வரக் காத்திருக்கும். கழுத்துப் பக்கம் ஒரு சிறு காற்றுத் துளை. அதை விரலால் மூடினால் காற்று நுழையாது, தண்ணீர் நகராது. ஸ்ட்ராவின் மேல் முனையை விரலால் மூடி இளநீரைத் தூக்குவோமே, அதே விதி. கீழே வைத்து விரலை எடுத்தால் உள்சொம்பு கொஞ்சம் நிரம்பும்.

பிறந்த நாள் பார்ட்டிக்கு இதைவிடத் தோதான பொருள் குறைவு. ஏனென்றால் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவது பிள்ளைகளுக்கு அலுப்பதே இல்லை. முயல் நடுவே ஒரு தடவை, கோல் நடுவே ஒரு தடவை. நீங்கள் சொம்பை மறந்துவிட்டாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள். "அங்கிள், சொம்பு!" என்று அவர்களே ஞாபகப்படுத்துவார்கள். மறந்ததாக நடியுங்கள்.

வாங்கியவுடன் செய்யக் கூடியது என்றால் கலரிங் புத்தகம். முதலில் புரட்டினால் எல்லாப் பக்கமும் வெள்ளை. அடுத்துப் புரட்டினால் கோட்டுப் படங்கள். பிள்ளைகள் தங்கள் சட்டையிலிருந்தும் பாவாடையிலிருந்தும் கலரைக் கிள்ளி எடுத்து வீச, மூன்றாவதாகப் புரட்டும்போது எல்லாம் வண்ணப் படங்கள். பக்கங்களின் ஓரம் ஒன்றுவிட்டு ஒன்று ஏற்ற இறக்கமாக வெட்டியிருக்கும். கட்டை விரலை மேலே, நடுவே, கீழே என்று எங்கே வைத்துச் சரசரவென்று விடுகிறீர்களோ அந்த வகைப் பக்கம் மட்டும் கண்ணில் படும். இது நேற்றைய பொம்மை இல்லை. இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் 1584-இல் எழுதிய நூலிலேயே இந்த மாதிரிப் புத்தகம் விவரிக்கப்பட்டிருக்கிறது. சூனியக்காரிகள் என்று பெண்களைப் பிடித்துத் தண்டித்த காலத்தில், அதெல்லாம் பொய், பாருங்கள் கைவித்தைகள் இப்படித்தான் நடக்கின்றன என்று வாதாட அவர் எழுதிய நூல் அது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முடிந்ததும் புத்தகத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுங்கள். மேஜைமேல் விட்டால் அரை நிமிடத்தில் ஏதோ ஒரு பிள்ளை பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருக்கும்.

சில பொருள்களை நான் சேர்ப்பதில்லை. நெருப்பு வேண்டாம், குளிரூட்டிய ஹாலில் தொங்கும் காகிதத் தோரணங்களுக்கு நடுவே அது வம்பு. வாயிலிருந்து மீட்டர் மீட்டராகக் காகித ரிப்பன் இழுப்பது கைதட்டல் வாங்கும்தான், ஆனால் அதைப் பார்த்துச் சின்னது ஏதாவது எதையாவது வாயில் திணித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? பலூனில் ஊசி ஏற்றும் வித்தை செய்தால் வெடித்த ரப்பர்த் துண்டுகளை நீங்களே பொறுக்கிவிடுங்கள். தொண்டையில் அடைத்து மூச்சை நிறுத்தக் கூடியவை அவை. உயிருள்ள முயலையும் புறாவையும் காட்டிச் சம்பாதிப்பது, நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்யாமல் கூடாது. பலகை முயல் அதைவிட நன்றாகச் சிரிக்க வைக்கிறது, புழுக்கையும் போடாது.

ஹாலைப் பற்றிக் கொஞ்சம். பிள்ளைகள் தரையில், உங்களுக்கு எதிரே, நெருக்கமாக. நாற்காலியில் உட்கார வைத்தால் சிரிப்பு சிதறிப்போகும். பக்கவாட்டிலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. போட்டோகிராபருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் ஒரு டேப் ஒட்டி, அதைத் தாண்டினால் முயல் பயந்துவிடும் என்று சொல்லிவைத்தால் ஓரளவு காப்பாற்றும். நாலிலிருந்து ஆறு வயது என்றால் அரை மணி நேரம் போதும், முக்கால் மணிக்கு நீட்டினால் நீங்கள் பாத்ரூம் ஊர்வலம்தான் நடத்துவீர்கள். கேக்குக்கு முன்னால் செய்யுங்கள். கேக் வெட்டிய பிறகு யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை.

முதல் தடவை வாங்குகிறவர்கள் உடையும் கோல், கலரிங் புத்தகம், சொம்பு மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த பிறந்த நாளுக்கு முயல். பத்து வயது தாண்டிய கூட்டம் என்றால் இந்தப் பையையே திறக்காமல் கயிறும் நாணயமும் சீட்டுக்கட்டும் எடுத்துப் போங்கள். இன்னொன்று, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது சமோசாத் தட்டோடு உள்ளே வர வேண்டாம் என்று கேட்டரிங்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சமோசாவை ஜெயிக்கிற முயல் இன்னும் கடைக்கு வரவில்லை.